கண்ணால் பேசும் கணினி நாற்பத்தொரு நாள் பேசாதிருந்தது குறித்து

அனுப்புநர்
பயனாளி எண் 214-இன் கணவர்,
லிஃப்ட் மெக்கானிக்,
மூன்றாம் மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பேச்சு உதவிக் கருவிகள் திட்டம்,
மறுவாழ்வுத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: துறையால் வழங்கப்பட்ட கண்ணசைவுக் கணினியில் பேச்சு மென்பொருளை மீண்டும் நிறுவ முடியாமல் போனது – இணைய இணைப்புக் கோளாறு எனத் தவறாகப் பதிந்து புகாரை முடித்தது – வரும் திங்கட்கிழமை பிற பயனாளிகளின் கருவிகளில் செய்யவுள்ள மேம்படுத்தலை நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. உதவி மையத்தில் நான் பதிந்த மூன்று புகார்கள். 2. “தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது” என எனக்கு வந்த குறுஞ்செய்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி பதினெட்டு ஆண்டுகள் மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருந்தவள். எந்த மருத்துவரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு நரம்பு நோய் கண்டது. முதலில் கை, பிறகு கால், கடைசியில் நாக்கு. நாக்கு குழறத் தொடங்கிய வாரத்திலேயே தங்கள் மறுவாழ்வு மையத்தில் அவளுடைய குரலைப் பதிவு செய்யச் சொன்னார்கள். துணி அலமாரியைக் காலி செய்து, சுற்றிலும் போர்வை தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து ஆயிரத்து இருநூறு வாக்கியங்களைப் படித்தாள். “எருமை ஏணியில் ஏறியது” என்றெல்லாம் வாக்கியங்கள் இருந்தன. சிரித்துச் சிரித்துத் திரும்பப் படித்தாள். கடைசி இருநூறில் குழறல் கேட்கும். ஆனாலும் அது அவள் குரல்தான்.

2. அதன்பின் துறை கொடுத்த கணினி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் நான்கு மாதங்கள் ஆகின்றன. திரையில் எழுத்துகள் இருக்கும். அவள் எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அதைத் திரைக்குக் கீழே உள்ள கேமரா கண்டுபிடிக்கும். சொல் சேர்ந்ததும் பதிந்து வைத்த அவளுடைய குரலில் கணினி பேசும். இதற்காகத் துறைக்கு நான் என்றும் நன்றிக்கடன் பட்டவன். அந்தக் கருவி வந்த முதல் நாள் அவள் சொன்ன முதல் வார்த்தை, “என்னங்க, சட்டையை மாத்துங்க, நாறுது.” ஏழு மாதங்களுக்குப் பிறகு என் வீட்டில் கேட்ட குரல் அது. நான் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, குளியலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

3. சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளோடு அவள் பேசிக்கொண்டிருந்தாள். நான் கைபேசியைக் கணினியின் ஒலிபெருக்கி பக்கம் பிடித்துக்கொண்டிருந்தேன். “நீ வரும்போது அந்தப் பச்சை” என்பது வரைக்கும் பேசினாள். அடுத்த சொல்லுக்கு எழுத்து சேர்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. “துறையின் பாதுகாப்பு மேம்படுத்தல் நடைபெறுகிறது. கணினியை அணைக்க வேண்டாம்” என்று வந்தது. எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

4. நாற்பது நிமிடம் கழித்துக் கணினி எழுந்தது. பேச்சு மென்பொருளைத் திறந்தால், “பேச்சு இயந்திரத் தொகுப்பு காணப்படவில்லை. நிறுவவா?” என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். ஒரு கோடு பாதி தூரம் ஓடி நின்றது. “சேவையகத்தை அடைய முடியவில்லை. உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்” என்றது. அடுத்த நாற்பத்தொரு நாள் நாங்கள் பார்த்தது இந்த இரண்டு வாக்கியங்களைத்தான்.

5. அன்றே உதவி மையத்தை அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் வேறொருவர் கேபிளை மாற்றச் சொன்னார். மாற்றினேன். நான்காம் நாள் கைபேசியிலிருந்து இணையம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். ஐந்தாம் நாள், “உங்க ஏரியாவுல அந்தக் கம்பெனி நெட்டு சரியில்லையோ என்னவோ, வேற கம்பெனி போட்டுப் பாருங்களேன்” என்றார்கள். அதையும் போட்டேன். அதே கணினியில் செய்திப் பக்கம் திறந்தது, மகள் அனுப்பிய படம் திறந்தது. தொகுப்பு மட்டும் வரவில்லை. இதைச் சொன்னால், “அப்படியா” என்பார்கள். பிறகு மறுபடியும் மோடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

6. ஒன்பதாம் நாள் என் முதல் புகார் முடிக்கப்பட்டது. காரணம்: “பயனாளியின் இணைய இணைப்புக் கோளாறு. தீர்வு காணப்பட்டது.” இரண்டாவது புகார் கொடுத்தேன். அதற்கு வந்த யோசனை, கருவியை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. அப்படிச் செய்தால் பதிவான குரல் என்ன ஆகும் என்று கேட்டேன். அந்த உரையாடலை மட்டும் நான் உடனே ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

“குரல் ஃபைலும் போயிடும் சார். திரும்ப ரெக்கார்டு பண்ணிக்கலாம்.”
“யாரு ரெக்கார்டு பண்றது?”
“பேஷண்ட்தான் சார். அவங்க பேசினாப் போதும், ஒரு மூணு மணி நேர வேலை.”
“அவங்களால பேச முடியாதுன்னுதானே தம்பி இந்த மெஷினைக் குடுத்தீங்க?”

அதற்கு, “சரிங்க சார், நோட் பண்ணிக்கிறேன்” என்றார். என்ன நோட் பண்ணினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது புகாரும் அந்த வாரமே முடிக்கப்பட்டது. பயனாளி ஒத்துழைக்க மறுத்தார் என்று காரணம் எழுதியிருந்தது.

7. இந்த நாட்களில் நாங்கள் எப்படிப் பேசிக்கொண்டோம் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். ஓர் அட்டையில் நான் எழுத்துகளை எழுதினேன். தமிழில் எத்தனை எழுத்து என்று பள்ளியில் படித்ததோடு சரி. உயிரெழுத்து ஒரு வரிசை, மெய்யெழுத்து மூன்று வரிசை. ஒவ்வொன்றாக விரல் வைப்பேன். சரியான எழுத்து வந்தால் அவள் கண்ணை மூடித் திறப்பாள். ‘க’வைப் பிடித்து, ‘ஆ’வைப் பிடித்து, ‘கா’ என்று ஆக்குவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். இரண்டு சொல்லுக்கு மேல் அவளால் தாங்காது. முதலில் மகளிடம் சொல்ல வந்த பச்சை எது என்று கேட்டேன். வீட்டில் பச்சையாக இருந்த அத்தனையையும் எடுத்து வந்து காட்டினேன். புடவை, பை, துண்டு, பக்கெட், மருந்துக் கடையில் அவள் வைத்திருந்த பழைய கோப்பு. எதற்கும் கண் மூடவில்லை. கடைசியில் அட்டையில், “விடு” என்று சொன்னாள். விட்டுவிட்டேன். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

8. பன்னிரண்டாம் நாள் அவள் முகம் சுளித்தபடியே இருந்தாள். அட்டையை எடுத்தேன். ‘கா’ என்று வந்தது. அதற்குள் களைத்து நீண்ட நேரம் கண்ணை மூடிவிட்டாள். நான், “காலா? கால் வலிக்குதா?” என்று கேட்டேன். மூடின கண்ணை ஆம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவளுடைய காலுக்குத் தைலம் தேய்த்தேன். இதமாக இருக்கட்டும் என்று வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தேன். மூன்றாம் நாள் தலையணை உறையில் சீழ் பட்டிருந்தது. அவள் சொன்னது கால் இல்லை ஐயா, காது. ஒரு மருந்தாளுநர் தன் காதுக்குள் சீழ் பிடிப்பதை அறிந்து, எந்த மருந்து வேண்டும் என்பதையும் அறிந்து, கணவன் தன் காலைப் பிடித்துவிடுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தாள்.

9. இந்த இடத்தில் என் பங்குத் தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் மனைவியின் தம்பி ஓர் அச்சகத்தில் கணினிகளைப் பராமரிக்கிறவர். அவருக்கும் எனக்கும் மூன்று ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. அக்காவை எந்த மருத்துவரிடம் காட்டுவது என்பதில் தொடங்கிய சண்டை. அவர் ஒரு வார்த்தை சொன்னார், நான் நாலு வார்த்தை சொன்னேன். முதல் நாளே அவரை அழைத்திருக்க வேண்டும். கைபேசியில் அவருடைய எண்ணை எடுப்பேன், வைத்துவிடுவேன். காது விஷயம் நடந்த பிறகு, பதினாறாம் நாள்தான் அழைத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. “மாமா, எரர் மெசேஜுக்குக் கீழே விவரம்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கி வர்றதை அப்படியே எழுதி வையுங்க. நான் கிளம்பிட்டேன்” என்றார். ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார்.

10. அவர் கண்டறிந்ததை என் சொற்களில் தருகிறேன். அந்தக் கணினியில் தொகுப்பு மேலாளர் என்று ஒரு நிரல் இருக்கிறது. மென்பொருளுக்கு வேண்டிய பாகங்களை இணையத்திலுள்ள கிடங்கிலிருந்து எடுத்து வருவது அதன் வேலை. அது நேராகக் கிடங்குக்குப் போகக் கூடாது, துறையின் இடைச் சேவையகம் வழியாகத்தான் போக வேண்டும் என்று அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறது. துறையோ அந்த இடைச் சேவையகத்தைச் சென்ற ஆண்டே மூடிவிட்டது. கோப்பிலுள்ள வரியை யாரும் எடுக்கவில்லை. அதுவரை புதிய தொகுப்பு எதையும் எடுத்து வரும் தேவை எழாததால் பிழை வெளியே தெரியவில்லை. மேம்படுத்தல் பழைய பேச்சுத் தொகுப்பை அழித்துவிட்டுப் புதியதை எடுத்து வா என்று சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டது. மைத்துனர் சொன்னது: “நெட்டு பிரச்சனையே இல்ல மாமா. மூடின கடை முன்னாடி போய் இது கதவைத் தட்டிக்கிட்டு நிக்குது. இந்த ஒரு வரியை அழிச்சா முடிஞ்சுது.”

11. அந்த வரியை அழிக்க நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். அது துறையிடம் மட்டுமே இருக்கிறது. மைத்துனர் சொல்லச் சொல்ல நான் எழுதி, கோப்பின் பெயர், வரியின் எண் எல்லாவற்றோடும் மூன்றாவது புகாரைக் கொடுத்தேன். கடவுச்சொல் தருவது பாதுகாப்பு விதிக்கு முரண் என்று பதில் வந்தது. தர வேண்டாம், தாங்களே தொலைவிலிருந்து அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். கள ஆய்வுக்குப் பின்னரே நடவடிக்கை என்று பதில் வந்தது.

12. நான் இருபத்தாறு ஆண்டுகளாக லிஃப்ட் பழுதுபார்க்கிறேன். எங்கள் தொழிலிலும் விதிகள் உண்டு, படிவங்கள் உண்டு, கையொப்பங்கள் உண்டு. ஆனால் லிஃப்டுக்குள் ஆள் சிக்கியிருக்கிறார் என்றால் முதலில் கதவைத் திறப்போம். படிவத்தை அவர் வீட்டுக்குப் போன பிறகு நிரப்புவோம். ஒருவர்கூட என்னிடம், “உள்ளே யாராவது இருக்காங்களா?” என்று கேட்கவில்லை என்பதே என் மனக்குறை.

13. இருபத்தாறாம் நாள் கள ஆய்வுக்கு ஒரு தொழில்நுட்பர் வந்தார். இளம் பெண். வந்து நான்கு நிமிடத்தில் அதே வரியைக் கண்டுபிடித்தார். கடவுச்சொல்லும் அவரிடம் இருந்தது. ஆனால் அமைப்புக் கோப்பைத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லை. ‘மாற்ற அனுமதிக் குழு’ என்று ஒன்று எழுத்தில் அனுமதி தர வேண்டும், அது மாதம் இருமுறை கூடும் என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கட்டிலருகே போய் என் மனைவியிடம் குனிந்து, “அம்மா, என்ன பிரச்சனைன்னு தெரிஞ்சிடுச்சும்மா. சீக்கிரம் பேசிடலாம்” என்றார். என் மனைவி அட்டையைப் பார்த்தாள். நான் விரல் வைத்தேன். “எப்ப” என்றாள்.

அந்தப் பெண் அன்றே அனுமதி கேட்டு எழுதினார். அந்த வாரம் குழு கூடவில்லை. அடுத்த முறை கூடியபோது உறுப்பினர் ஒருவர் விடுப்பில் இருந்தாராம். தன் சொந்தக் கைபேசியிலிருந்து அந்தப் பெண் என்னை நான்கு முறை அழைத்து நிலவரம் சொன்னார். அவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். துறையில் எங்களோடு பேசியவர்களில் எங்களை மனிதராக நினைத்தவர் அவர் ஒருவரே.

14. முப்பத்து மூன்றாம் நாளிலிருந்து என் மனைவியின் கண் அசைவு மெதுவானது. இந்த நோயில் கண் கடைசி வரை தப்பிக்கும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். சிலருக்கு அதுவும் போகும் என்று மருத்துவர் இப்போது சொன்னார். அட்டையில் விரல் வைப்பேன். மூடித் திறக்கிறாளா, தானாக மூடுகிறதா என்று எனக்குத் தெரியாது. முப்பத்தேழாம் நாள் ஒரு மணி நேரம் முயன்று ‘போ’ என்று ஓரெழுத்து கிடைத்தது. போதும் என்றாளா, போர்வை என்றாளா, என்னைப் போகச் சொன்னாளா? போர்வையைப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

15. நாற்பத்தொன்றாம் நாள் காலை அனுமதி வந்தது. அதே தொழில்நுட்பர் ஓடி வந்தார். மைத்துனரும் இருந்தார். அந்த வரியை அழித்தார். நிறுவு என்று அழுத்தினார். கோடு பாதியைத் தாண்டியது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, முழுவதும் ஓடி முடிந்தது. உடனே சோதனை வாக்கியத்தைக் கணினி தானாகப் பேசியது. “நிறுவல் வெற்றிகரமாக முடிந்தது. இனி நீங்கள் பேசலாம்.” அதை என் மனைவியின் குரலில் பேசியது.

பிறகு கண்ணைப் பழக்கும் கட்டம். திரையின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு புள்ளி வரும், அதை உற்றுப் பார்க்க வேண்டும். நடுப்புள்ளியைப் பார்த்தாள். மூலைக்குப் புள்ளி நகர்ந்தது. அவளுடைய கண் நகரவில்லை. “கண் கண்டறியப்படவில்லை” என்றது. திரையை நகர்த்தினோம், விளக்கைக் குறைத்தோம், தலையணையை உயர்த்தினோம். பதினொரு முறை செய்தோம். “அக்கா, இங்க பாருக்கா, இந்தப் புள்ளியைப் பாருக்கா” என்று மைத்துனர் திரையில் விரலை வைத்துக்கொண்டே அழுதார். அந்தத் தொழில்நுட்பப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பிழையும் இல்லாத கருவி அது. எங்கள் வீட்டில் அன்றுபோல அது என்றுமே ஒழுங்காக வேலை செய்ததில்லை.

16. நாற்பத்திரண்டாம் நாள் பார்வை இரண்டில் கண்ட குறுஞ்செய்தி வந்தது. தீர்வு காணப்பட்டது, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தது.

17. என் மனைவி உயிரோடு இருக்கிறாள். காது கேட்கிறது என்கிறார் மருத்துவர். நினைவும் தெளிவாக இருக்கும் என்கிறார். இதை நல்ல செய்தியாகத்தான் அவர் சொன்னார். நானும் மைத்துனரும் முறை வைத்து அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். எதைச் சொன்னாலும் அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியாது. அந்தக் கணினியில் எழுத்துகளை நானே தட்டி அவளுடைய குரலைக் கேட்கலாம் என்று மகள் சொன்னாள். ஒரு தடவை செய்தேன். “என்னங்க” என்று மட்டும் தட்டினேன். அது சொன்னது. சொன்னதும் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கணினியைத் தொடவில்லை.

18. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன:

என் மூன்றாவது புகாரின் மீது “தீர்வு காணப்பட்டது” என்று எழுதியிருப்பதை நீக்க வேண்டும். என்ன எழுதுவது என்று துறைக்குத் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம். முதல் புகாரிலுள்ள “பயனாளியின் இணைய இணைப்புக் கோளாறு” என்பதையும் நீக்க வேண்டும். எங்கள் இணைப்பில் ஒரு நாளும் கோளாறு இருந்ததில்லை.

கள ஆய்வுக்கு வருபவர் கண்ணெதிரே தெரியும் பிழையை அங்கேயே திருத்த அதிகாரம் தர வேண்டும். குழு அதைப் பிறகு கூடி விசாரிக்கட்டும்.

இவை இரண்டும் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன். பின்வருவது தாமதமாகக் கூடாது. முதலில் எங்கள் கருவிக்கு அனுப்பிய இதே மேம்படுத்தலை மீதமுள்ள முப்பத்தாறு பயனாளிகளின் கருவிகளுக்கு வரும் திங்கட்கிழமை காலை அனுப்பப்போவதாக அவர்களுக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. அந்தக் கருவிகளின் கோப்பிலும் அதே வரி இருக்கிறது. நான் ஊகித்துச் சொல்லவில்லை. மறுவாழ்வு மையத்து வராந்தாவில் எங்களுக்குப் பழக்கமான ஒருவர், பேருந்து ஓட்டுநராக இருந்தவர், பயனாளி எண் 231. நேற்று அவருடைய மகள் கூப்பிட்டதால் மைத்துனர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருக்கிறது. நேற்று மாலைகூட அந்த ஓட்டுநர் கணினியில் மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம், டீயில் சர்க்கரை போதவில்லை என்று.

இன்று வியாழக்கிழமை. நடுவில் மூன்று நாள் இருக்கின்றன. அந்த ஒரு வரியை முப்பத்தாறு கருவிகளிலிருந்தும் எடுத்த பிறகு மேம்படுத்தலை அனுப்புங்கள். இயலாவிட்டால் நிறுத்தி வையுங்கள். அதற்குக் குழு கூட வேண்டும் என்றால் தயவுசெய்து நாளையே கூட்டுங்கள். எனக்காகக் கேட்கவில்லை ஐயா, எங்களுக்கு இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அந்த ஓட்டுநருக்குக் கண்கள் இன்னும் நன்றாக அசைகின்றன.

இடம்: என் மனைவியின் கட்டிலருகே
நாள்: கருவி நின்ற ஐம்பத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பயனாளி எண் 214-இன் கணவர்

இணைப்பு: புகார் நகல்கள் மூன்று, பிழைச் செய்தியின் முழு விவரம் (என் கையெழுத்தில்), அழிக்க வேண்டிய வரி (மைத்துனரின் கையெழுத்தில்).

நகல்: மாற்ற அனுமதிக் குழுவின் உறுப்பினர்கள் அனைவருக்கும், விடுப்பில் இருப்பவர் உட்பட.